திடலுக்கும் ஒரு முறை வாருங்கள்: பள்ளிப் பார்வைக்கு வரும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும், வட்டார வள மைய ஆசிரியப் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

திருவாரூர் மாவட்டத்தில் கோரையாற்றுப் பாசனத்தில் இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் 43 பிள்ளைகள். தலைமையாசிரியர் நான்கையும் ஐந்தையும் பார்க்கிறார், நான் ஒன்று, இரண்டு, மூன்றைப் பார்க்கிறேன். அவர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்தும் என்னுடையதுதான். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொல்லப்போவது ஒரு பள்ளியின் கதை மட்டும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதம், ஒரு வியாழக்கிழமை. மணி மூன்றே கால் இருக்கும். பிள்ளைகளைத் திடலில் விட்டு நொண்டியடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். விளையாட்டாக இல்லை, பாடமாக. வலது காலில் எட்டுத் தாவல், இடது காலில் எட்டுத் தாவல். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இடது காலில் மூன்றாவது தாவலுக்கு மேல் போனதே இல்லை. மற்றக் காலை ஊன்றிவிடுவாள். அன்றைக்கு அவள் கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு ஐந்து வரை வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது.

வந்தவர் ஓர் அலுவலர். நல்ல மனிதர்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "என்ன டீச்சர், கிளாஸ் நடக்கலையா?" என்றார்.

"நடக்குதுங்க சார். இதுதான் கிளாஸ்."

நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். "சரி சரி, உள்ள வரச் சொல்லுங்க. ரீடிங் பார்த்துரலாம்" என்றார். பிள்ளைகள் புழுதிக் காலோடு உள்ளே ஓடினார்கள். அவர் பொறுமையாக ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொன்னார். போகும்போது பார்வைப் பதிவேட்டில், மூன்றாம் வகுப்பில் இரண்டு பேருக்கு வாசிப்பில் கூடுதல் கவனம் தேவை என்று எழுதினார். அது உண்மை, நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒற்றைக் காலில் ஐந்து தாவல் போன அந்தப் பிள்ளையைப் பற்றி எழுத அவருக்கு எந்த இடமும் இல்லை. அவர் கையில் இருந்த படிவத்திலும் அப்படி ஒரு கட்டம் இருந்திருக்காது. அதனால் அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் கட்டம் இல்லாமல் போனதால் என்ன ஆகிறது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் எதைப் பார்க்கிறீர்களோ அதைத்தான் நாங்கள் நடத்துகிறோம். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிலைமை அப்படி. நீங்கள் வாசிப்பைப் பார்க்கிறீர்கள், அதனால் வாசிப்பு நடக்கிறது. கணக்கு நோட்டில் திருத்தம் போட்டிருக்கிறேனா என்று பார்க்கிறீர்கள், அதனால் ராத்திரி எட்டு மணிக்குக்கூட உட்கார்ந்து திருத்துகிறோம். பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையதளத்தில் பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறீர்கள், அதனால் சிக்னல் கிடைக்கும் புளியமரத்தடிக்குப் போனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். கால அட்டவணையில் வியாழன் கடைசிப் பாடவேளையும் செவ்வாய் கடைசிப் பாடவேளையும் "உடற்கல்வி" என்று அழகாக எழுதி ஒட்டியிருக்கிறோம். அது நடந்ததா என்று என்னை இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது, உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் கடன் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகுதான் யோசித்தேன், தொடக்கப் பள்ளியில் யார் யாரிடம் கடன் வாங்குவது? கடன் கொடுக்கிறவளும் நான்தான், வாங்குகிறவளும் நான்தான். திருப்பித் தராமல் ஏமாற்றுகிறவளும் நானே. கடைசிப் பாடவேளை என்றாலே அது படிவம் நிரப்பும் வேளை, வருகைப் பதிவை முடிக்கும் வேளை, வாசிக்கத் தெரியாத நான்கு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளும் வேளை. மற்றவர்களை "போய் வெளையாடுங்க" என்று அனுப்பிவிட்டு, சன்னல் வழியாக ஒரு கண்ணை மட்டும் வெளியே வைத்திருந்த வருஷங்கள் எனக்கும் நிறைய உண்டு. முப்பருவ முறை வந்த 2012-13 முதல் உடற்கல்வி உள்ளிட்ட கல்வி இணைச் செயல்பாடுகளுக்குத் தரம் போட்டு வருகிறோம். பல வருஷம் அந்தப் பத்தியில் மேலிருந்து கீழ் வரை "அ" தான் போட்டேன். இடது காலில் நொண்டத் தெரியாத பிள்ளைக்கும் "அ". அவளுக்கு நொண்டத் தெரியாது என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. விளையாட்டுப் பொருள் வேண்டும் என்கிறது. ஆனால் ஆள்? உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்று அது சொல்வது ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். ஒன்று முதல் ஐந்து வரை 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தபோதும், அது ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளுக்காகத்தான். ஆக, எங்கள் 43 பேருக்கு விசில் ஊதும் உடற்கல்வி ஆசிரியர் என்று ஒருவர் வரப்போவதே இல்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை. வராத ஒருவருக்காகக் காத்திருப்பதை நாம் நிறுத்த வேண்டும் என்றுதான் சொல்கிறேன். தொடக்கப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் என்றால் அது நாங்கள்தான். சேலை கட்டிய, மூட்டு வலிக்கிற, இடைநிலை ஆசிரியைகள்தான்.

இந்த வேலைக்கு எங்களுக்கு என்ன தெரியும்? ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்தபோது உடற்கல்விக்கு ஒரு பதிவேடு எழுதினேன். கபடி ஆடுகளம் ஆண்களுக்கு 13 மீட்டருக்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8 என்று ஸ்கேல் வைத்து வரைந்து கலர் பென்சில் தீட்டினேன். நல்ல மதிப்பெண். ஆறு வயதுப் பிள்ளை பந்தைப் பிடிக்க எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. பிடிப்பதை ஒருவர் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். சில பிள்ளைகளுக்குத் தானாக வருகிறதுதான். அண்ணன் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு.

ஒரு நாள் வெறுமனே எண்ணிப் பார்த்தேன். 43 பிள்ளைகள், ஒரு பந்து, 40 நிமிடம். மூன்றாம் வகுப்பில் ஒல்லியாக ஒரு பெண், அவளை மட்டும் கவனித்துக்கொண்டு நின்றேன். பந்து அவள் கைக்கு இரண்டு முறை வந்தது. ஒன்றைத் தவற விட்டாள். இன்னொன்றைப் பக்கத்தில் இருந்த பையன் பிடுங்கிக்கொண்டான். அவளுக்கு அன்றைய உடற்கல்விப் பாடம் அதோடு முடிந்தது. வாசிப்பு வகுப்பில் ஒரு பிள்ளைக்கு 40 நிமிடத்தில் இரண்டு சொல்லை மட்டும் படிக்கக் கொடுத்தால் நீங்கள் பார்வைப் பதிவேட்டில் என்ன எழுதுவீர்கள்?

பந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

எங்கள் பீரோவில் இருந்தது ஒரு கைப்பந்து. அதன் எடை 260-லிருந்து 280 கிராம், சுற்றளவு 65 சென்டிமீட்டருக்கு மேல். பெரியவர்களுக்கானது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எதிரே வரும்போது பந்தாகத் தெரியாது, சுவராகத்தான் தெரியும். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "பாத்துப் புடி, பாத்துப் புடி" என்று நாம் கத்துவோம். பயந்த பிள்ளை எங்கே பார்க்கும்?

ஊர்த் தையற்காரரிடம் கந்தல் துணி வாங்கி, பழைய சாக்ஸில் திணித்துக் கட்டி, 24 துணிப்பந்து செய்தோம். அம்மாக்கள் இரண்டு பேர் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார்கள். ஒரு கொய்யாப்பழம் அளவு. மூக்கில் பட்டாலும் வலிக்காது. முதலில் யாருக்கும் எறியக் கூடாது, தன் பந்தைத் தானே மார்பளவு தூக்கிப் போட்டுத் தானே பிடிக்க வேண்டும். ஒரு வாரம் அதுதான். அப்புறம் போட்டுவிட்டு ஒரு கைதட்டிப் பிடிப்பது. அப்புறம் இரண்டு தட்டு. அதன் பிறகுதான் ஜோடி, அதுவும் இரண்டு கை நீட்டும் தூரத்தில். பந்து வரும்போது கையை விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தால் அது தெறித்து ஓடிவிடும், கை கொஞ்சம் பின்வாங்க வேண்டும். இதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஒரு பையன்தான் வழி சொன்னான்: "டீச்சர், ஆயாகிட்ட முட்டை வாங்குற மாதிரியா?" அதேதான். சத்துணவு முட்டையை வாங்கத் தெரியாத பிள்ளை எங்கள் பள்ளியில் கிடையாது. அன்றிலிருந்து எங்களுக்கு அது "முட்டை புடி".

எறிவதும் அப்படித்தான். வலது கையால் எறிகிற பிள்ளை இடது காலை முன்னால் வைக்க வேண்டும். கவனித்துப் பாருங்கள், பாதிப் பிள்ளைகளுக்கு மேல் வலது காலையே வைப்பார்கள். உடம்பு திரும்பாது, பந்து காலடியில் விழும். இடது கணுக்காலில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிவிட்டேன். "நூல் கட்டின காலு முன்னாடி." மூன்று வாரத்தில் நூல் அவிழ்ந்து போய்விட்டது, கால் மட்டும் சரியாகப் போய் நின்றது.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை விளையாட்டுப் பொருளுக்கு உண்டு. அதில் எங்கள் பீரோவுக்கு வந்து சேர்ந்தவை: நரம்பு அறுந்த இறகுப்பந்து மட்டை இரண்டு, ஸ்ட்ரைக்கர் காணாமல் போன கேரம் பலகை, நான் சொன்ன கைப்பந்து, ஒரு பிளாஸ்டிக் கிரிக்கெட் செட். கிரிக்கெட் செட்டின் உறை பிரிக்கப்படவில்லை, ஆடிட்டில் காட்ட வேண்டுமாம். எங்களுக்கு உண்மையில் உதவியவை சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட டயர்கள், மணல் நிரப்பித் தைத்த சின்னப் பைகள், அறுப்புக்குப் பிறகு யார் களத்தில் கேட்டாலும் கிடைக்கிற வைக்கோல் பிரி. பிரியை அரை முழம், ஒரு முழம், ஒன்றரை முழ இடைவெளியில் தரையில் போட்டால் தாண்டும் பாடம் தயார். கயிறு என்றால் கால் தடுக்கி விழுவார்கள். பிரி என்றால் அது கூடவே வந்துவிடும்.

"கிராமத்துப் பிள்ளைங்கதானே, அதுங்களுக்கு என்ன தனியா உடற்பயிற்சி? நாள் முழுக்க ஓடிக்கிட்டுத்தானே இருக்கும்" என்று ஒரு பயிற்சிக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். என் தலைமுறைக்கு அது சரி. நாற்றுக்கட்டைச் சுமந்து வரப்பில் ஓடியவர்கள் நாங்கள், ஒற்றை வரப்பில் நடந்தால் உடம்பு தானாகவே நிதானம் கற்றுக்கொள்ளும். இன்றைக்கு எங்கள் ஊரில் நடவு இயந்திரம் வந்துவிட்டது, அறுப்பு முழுக்க இயந்திரம்தான். பிள்ளைகளை வயல் பக்கம் விடுவதில்லை, விட வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். சாயங்காலம் தெருவில் பார்த்தால் திண்ணைக்கு ஒரு போன், அதைச் சுற்றி நான்கு தலை. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் அட்டவணையில் இருப்பது வாரத்துக்கு 80 நிமிடம். அதையும் நாங்கள் சாப்பிட்டுவிட்டால் என்ன மிச்சம்?

காவிரிப் படுகையில் திடல் என்பது பன்னிரண்டு மாதமும் கிடைக்கிற பொருள் இல்லை. இதை மாநிலம் முழுக்க ஒரே மாதிரி அட்டவணை போடுகிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் திடல் வண்டல் சேறு. மழை விட்டு நான்கு நாள் ஆனாலும் கால் வைத்தால் செருப்பு அங்கேயே நின்றுவிடும், ஓரத்துப் புல்லில் பாம்பு பயம் வேறு. அந்த இரண்டு மாதமும் தாழ்வாரம்தான். சாக்பீஸில் பாண்டிக் கட்டம், சுவரோரமாக ஒரு கோட்டின் மேல் நடை, ஐந்தாங்கல். ஐந்தாங்கல்லைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், தூக்கிப் போட்ட கல் கீழே வருவதற்குள் இன்னொன்றை அள்ள வேண்டும், கண்ணுக்கும் கைக்கும் அதைவிட நல்ல பயிற்சியை எனக்கு யாரும் காட்டவில்லை. தை, மாசியில் சம்பா அறுப்பு. "டீச்சர், திடல்ல நெல்லு காயப் போட்டுக்கவா?" என்று வருவார்கள். ஈரப்பதம் கூடினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள், அது அவர்கள் ஆறு மாதப் பாடு. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. பாதித் திடல் அவர்களுக்கு, பாதி எங்களுக்கு என்று ஒப்பந்தம். நெல் சுணை பட்டுப் பிள்ளைகள் முழங்காலைச் சொறிந்துகொண்டே ஓடுவார்கள். பங்குனி, சித்திரையில் வெயில். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வந்தபோது திடலுக்கே குடையாக நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. அதற்குப் பதில் நட்ட புங்கன் இப்போதுதான் ஒரு வகுப்பு உட்காரும் அளவுக்கு நிழல் தருகிறது. இத்தனைக்கும் நடுவில்தான் அந்த 80 நிமிடத்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் வரும்போது இன்னொன்றும் வரும். ஜூன் 12 அணை திறந்தார்கள் என்று செய்தி வந்தால், இறைவணக்கக் கூட்டத்தில் எங்கள் அறிவிப்பு ஒன்றே ஒன்று: "ஆத்துப் பக்கம் யாரும் போகாதீங்க." சுற்றிலும் ஆறும் வாய்க்காலும் குளமுமாக இருக்கிற ஊரில் நாங்கள் நடத்தும் நீச்சல் பாடம் அவ்வளவுதான். என் அப்பா எனக்கு இரண்டு காய்ந்த சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டி ஊர்க் குளத்தில் இறக்கிவிட்டார். இன்றைக்கு என் வகுப்பில் நீந்தத் தெரிந்தவர்கள் ஐந்து பேருக்குள்தான். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சல் கற்றுத்தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. எந்தத் தண்ணீரில், யார் பொறுப்பில் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதற்குத் தனியாகவே ஒரு மடல் எழுத வேண்டும், இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

பெற்றோர் பக்கம் வருகிறேன். "வெளையாடவா அனுப்புறோம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கொல்லை வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்ப் பிள்ளையைப் படிக்க வைப்பவர்கள், அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். விளையாடினால் கணக்கு நன்றாக வரும், அதனால் விளையாட விடுங்கள் என்று சிலர் அவர்களுக்குப் பதில் சொல்வது உண்டு. நான் அப்படிச் சொல்வதில்லை. கணக்குக்கு உதவும் என்பதால்தான் ஓட்டம் என்றால், உதவாத அன்றைக்கு ஓட்டத்தை நிறுத்திவிடுவீர்கள். ஓடத் தெரிவதற்காகத்தான் ஓட்டம்.

பெண் பிள்ளைகள் விஷயம் வேறு. நான்காம் வகுப்பு வந்ததுமே அவர்கள் திடலின் ஓரத்துக்கு நகர ஆரம்பித்துவிடுகிறார்கள். "டீச்சர், நாங்க ஸ்கோர் எழுதுறோம்." "டீச்சர், நாங்க தண்ணி கொண்டாறோம்." யாரும் அவர்களை விரட்டவில்லை, விளையாட்டின் விதியே அவர்களை வெளியே தள்ளுகிறது. பிடிபட்டவர் உட்கார வேண்டும் என்றால் முதலில் பிடிபடுவது மெதுவாக ஓடுகிறவர், ஓட்டப் பழக்கம் தேவைப்படுகிற அந்தப் பிள்ளைதான் மிச்ச நேரமெல்லாம் உட்கார்ந்திருக்கும். கிளித்தட்டில் அந்த விதியை எடுத்துவிட்டேன். பிடிபட்டால் வெளியே போக வேண்டாம், பிடித்தவரோடு இடம் மாற்றிக்கொள். பையன்கள் முதலில் முணுமுணுத்தார்கள், "இது ஆட்டமே இல்ல டீச்சர்" என்றார்கள். நானே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு தட்டில் நின்றேன். என்னை எல்லாருமே சுலபமாகத் தாண்டிப் போனார்கள். அதன் பிறகு ஸ்கோர் எழுத ஆள் கிடைக்கவில்லை.

ஒரு பயமும் உண்டு, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடிபட்டால் யார் பொறுப்பு? பல பள்ளிகளில் பிள்ளைகளை உள்ளேயே வைத்திருப்பதற்கு உண்மையான காரணம் சோம்பல் இல்லை, இதுதான். எங்கள் பள்ளியிலும் ஒரு பையன் விழுந்து மணிக்கட்டு வீங்கி, அவன் அப்பா வந்து சத்தம் போட்டார். எலும்பு முறியவில்லை, எங்கள் நல்ல நேரம். தலைமையாசிரியர் என் பக்கம் நின்றார். இல்லையென்றால் அன்றோடு நானும் திடலை மறந்திருப்பேன். அதற்கப்புறம் மாசியில் வைக்கோல் போர் பக்கத்தில் வைத்து விழும் பாடம் நடத்தினேன். கையை நீட்டி ஊன்றாமல், தோளைச் சுருட்டிக்கொண்டு உருள்வது. அன்றைக்கு வீட்டுக்குப் போக யாருக்கும் மனம் வரவில்லை. இப்படி ஒன்று நடக்கும்போது நீங்கள் எங்கள் பக்கம் நிற்பீர்கள் என்று தெரிந்தால், எத்தனையோ பள்ளிகளில் கதவு திறக்கும்.

வடுவூர் எங்களுக்குப் பக்கம்தான். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வாங்கிய இந்திய அணியில் வடுவூர் அபினேஷும் இருந்தார். மாவட்டமே கொண்டாடியது, எங்கள் பிள்ளைகளும் ஒரு வாரம் தொடை தட்டிக்கொண்டே திரிந்தார்கள். ஆனால் என் 43 பேரில் ஒருவர்கூட பஹ்ரைன் போக வேண்டாம். அறுபது வயதில் குளத்துப் படிக்கட்டில் தடுமாறாமல் இறங்கினால் போதும். பதக்கத்தைக் காட்டி எங்களை ஊக்கப்படுத்தாதீர்கள், அப்படிச் செய்தால் நாங்கள் வேகமாக ஓடுகிற நான்கு பேரைப் பிரித்தெடுத்து அவர்களை மட்டும் ஓட வைப்போம். அந்த வித்தை எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதெல்லாம் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கு எதிராகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2022-இல் அது வந்த பிறகுதான் என் வகுப்பில் பாட்டும் ஆட்டமும் கூடியது, பிள்ளைகள் வாசிக்கவும் செய்கிறார்கள். 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் தொடங்கிக் காலை உணவு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, காலையில் சோர்ந்து விழும் பிள்ளையை நான் பார்ப்பது அரிதாகிவிட்டது. அந்தச் சாப்பாடும் கண்காணிப்போடுதான் வந்தது, ருசி பார்த்துப் பதிவு போடுகிறோம், நீங்களும் வந்து பார்க்கிறீர்கள். அதனால் ஒழுங்காக நடக்கிறது. உப்புமா ஆறாமல் இருக்கிறதா என்று பார்க்க வருகிறவர்கள், அதைச் சாப்பிட்ட உடம்பு என்ன செய்கிறது என்றும் பார்க்கலாம் அல்லவா?

எனக்கு வேண்டியது புதிய சுற்றறிக்கை இல்லை. சுற்றறிக்கை வந்தால் அதற்கு ஒரு பதிவேடு வரும், பதிவேடு வந்தால் அதை எழுதுவதற்காக இன்னொரு விளையாட்டுப் பாடவேளை போகும். புகைப்படம் எடுத்து ஏற்றச் சொல்லவும் வேண்டாம். அந்த 40 நிமிடமும் நான் போன் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

வேண்டியது இவ்வளவுதான். வருஷத்தில் ஒரே ஒரு பார்வையை உடற்கல்விப் பாடவேளையில் வையுங்கள். இருபது நிமிடம் புங்கமர நிழலில் நில்லுங்கள். வாசிக்கச் சொல்வது மாதிரியே, ஏதாவது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு இடது காலில் நொண்டச் சொல்லுங்கள், ஒரு துணிப்பந்தைப் போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். வரவில்லை என்றால், இந்தப் பிள்ளைக்குக் கூடுதல் கவனம் தேவை என்று பதிவேட்டில் எழுதுங்கள். எனக்குக் கோபம் வராது. அந்த ஒரு வரி எழுதப்பட்டது என்று தெரிந்தால், சுற்றியுள்ள பத்துப் பள்ளியில் அடுத்த வாரமே பீரோ திறக்கும். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.

முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். ப்ரொஜெக்டர் வேண்டாம், நாற்காலி வேண்டாம். பக்கத்து நடுநிலைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரைக் கூப்பிட்டு எங்களைத் திடலில் நிறுத்துங்கள். எங்களில் பாதிப் பேர் பந்தைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வோம். அங்கிருந்து தொடங்கலாம்.

எங்கள் பள்ளியில் இப்போதும் செவ்வாய், வியாழன் மூன்று பத்துக்கு நடக்கிறது. முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அலுவலக அறைக்குப் போகாமல் வலது பக்கம் திரும்பினால் திடல்தான். செருப்பைக் கழற்ற வேண்டாம், ஓரத்தில் நெருஞ்சி முள் கிடக்கிறது. நாங்கள் மூன்று முறை கூட்டிவிட்டோம், அது மறுபடி மறுபடி முளைக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓர் இடைநிலை ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்